நடை, சைக்கிள் சவால் நடத்துகிறீர்களா? ஆப்பை நம்பிச் செய்யக்கூடாத தவறுகள்

ஆபீசிலும் அபார்ட்மெண்ட் சங்கத்திலும் பயணங்களைப் பதியும் ஆப் வைத்து "வண்டியை விட்டு நடப்போம், சைக்கிளில் போவோம்" என்று சவால் நடத்த இப்போது பலர் கிளம்பியிருக்கிறார்கள். மிகவும் சந்தோஷம். ஆனால் சென்னையில் இந்த வேலையிலேயே இருக்கும் எங்களைப் போன்றவர்கள் முன்பு செய்த தவறுகளையே புதியவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஜிபிஎஸ் போட மறப்பது, சார்ஜ் தீர்ந்துபோவது எல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டருக்குப் பரிசு கொடுப்பது

இதை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை.

ஓஎம்ஆரில் ஓர் அலுவலகம். மாதக் கடைசியில் மொத்த தூரம் யாருக்கு அதிகமோ அவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். ஜெயித்தவர் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஈசிஆருக்குப் போய், மாமல்லபுரம் வரை மிதித்துத் திரும்புகிறவர். அவர்மேல் ஒரு குறையும் இல்லை, அருமையாக ஓட்டுவார். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீசுக்கு வருவது அதே காரில்தான். பெரும்பாக்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் வேலைக்கு வரும் ஹவுஸ்கீப்பிங் அக்கா பட்டியலின் அடியில் கிடந்தார். "நான் தினம் மிதிக்கிறது கணக்குலயே வரலியே?" என்று கேட்டவர், அடுத்த மாதம் ஆப்பையே எடுத்துவிட்டார். பரிசுக்குப் பணம் போனது. ரோட்டில் ஒரு வண்டிகூடக் குறையவில்லை.

அன்றாடப் பயணம் என்றாலே குறைந்த தூரம்தான். பால் வாங்க, பிள்ளையை டியூஷனில் விட, ஸ்டேஷனுக்குப் போக என்று ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஸ்கூட்டியை எடுக்கிறோமே, அதைத்தான் மாற்றப் பார்க்கிறோம். தூரத்தைக் கூட்டினால் இந்தப் பயணங்கள் எல்லாம் தூசாகிவிடும். இன்னொன்றும் நடக்கும்: நேர்வழியில் வரக்கூடியவர்கள் புள்ளிக்காக ஊரைச் சுற்றி வருவார்கள்.

இத்தாலியின் போலோன்யா நகரத்தில் 2017-ல் 'பெல்லா மோசா' என்ற திட்டம் நடந்தது. நடந்தோ, சைக்கிளிலோ, பஸ்ஸிலோ போனால் ஆப்பில் புள்ளி. அதைக் கொடுத்து ஐஸ்கிரீமோ சினிமா டிக்கெட்டோ வாங்கலாம். அங்கே புள்ளி பயணத்துக்குத்தான், தூரத்துக்கு இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பயணம் என்பதற்கும் வரம்பு வைத்தார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாரத்தில் எத்தனை நாள் வண்டியை எடுக்காமல் வேலைக்கோ கடைக்கோ போனார் என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், பரிசை அறிவிப்பதற்கு முன்பே இரண்டு வாரம் சும்மா பதிவு செய்யச் சொல்லுங்கள். யார் எதில் போய்வருகிறார்கள் என்ற பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால், என்ன மாறியது என்று பிறகு எப்படிச் சொல்வீர்கள்? ஏற்கெனவே நடப்பவர்களையே எண்ணி எண்ணி வெற்றி என்று அறிக்கை எழுத வேண்டியதுதான்.

தினம் பத்தாயிரம் காலடி என்ற இலக்கு

1965-ல் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவியை விற்கப் பிரபலமாக்கிய எண் இது. மொட்டைமாடியில் சுற்றினாலும் எட்டிவிடலாம். சைக்கிள் மிதிப்பவருக்கோ அடியே ஏறாது. போக்குவரத்துச் சவாலில் இதற்கு வேலை இல்லை.

ஆப் தானாகக் கண்டுபிடிக்கும் என்று விட்டுவிடுவது

பெரும்பாலான ஆப்கள் வேகத்தையும் அசைவையும் வைத்துத்தான் இது சைக்கிள், இது வண்டி என்று முடிவு செய்கின்றன. மாலை நேர அண்ணா சாலையில் பைக்கே சைக்கிள் வேகத்தில்தான் ஊர்கிறது. பைக்கில் வந்தவருக்கு சைக்கிள் புள்ளி விழும். ஒரு வாரத்தில் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதோடு பட்டியலின் மேல் நம்பிக்கையும் போய்விடும். பயணம் முடிந்ததும் "எதில் வந்தீர்கள்?" என்று கேட்டு, ஒரு தட்டில் பதில் வாங்கும் ஆப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்டேஷனுக்கு நடந்ததை விட்டுவிடுவது

மாம்பலத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை வழியாக தி.நகர் பஸ் நிலையம் வரை நடப்பவர் அதில் மட்டும் அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார். மொத்தப் பயணத்தையும் 'ரயில்' என்று ஒரே வரியில் பதிந்தால் அந்த நடை காணாமல் போகும். நம் ஊரில் நடப்பவர்களில் பலர் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடப்பவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டு யாருக்காகச் சவால்?

ஜூன் 3-ல் தொடங்குவது

உலக சைக்கிள் தினம் என்பதால் எல்லோருக்கும் அந்த ஆசை. சென்னையில் அப்போது வெயில் மண்டையைப் பிளக்கும். ஜனவரியில் தொடங்குங்கள்.

பேட்டரி சேமிப்பு

போனில் இது ஓடிக்கொண்டிருந்தால் ஆப் பாதியில் நின்று, பயணம் பதிவாகாமல் போகலாம். ஆப்புக்கு மட்டும் அதை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து வைப்பது

2018 ஜனவரியில், ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதியும் ஸ்ட்ராவா என்ற ஆப் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய பாதைகளே வெளிச்சமாகத் தெரிந்தது செய்தியானது. ராணுவத்தின் நிலைமையே அப்படி என்றால், தினமும் ஒரே நேரத்தில் வீட்டிலிருந்து தனியாகக் கிளம்பும் ஒரு பெண்ணின் வழி ஆபீஸ் முழுக்கத் தெரிவது எவ்வளவு ஆபத்து! பயணம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கும் வசதி அதே ஆப்பில் இருக்கிறது. சேரும் நாளிலேயே ஒவ்வொருவர் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பொதுப் பட்டியலில் பெயரும் பயண எண்ணிக்கையும் மட்டும் இருந்தால் போதும்.