பாட்டா பெட்டிப் படத்துக்கு வயது பார்ப்பது

பாட்டாவின் (தாத்தாவின்) தகரப்பெட்டியைத் திறந்ததும் கன்னியாகுமரிக் கடற்கரைப் படங்களைத் தனியே எடுங்கள். அவைதான் சீக்கிரம் வாய் திறக்கும். பாறையில் விவேகானந்தர் மண்டபமே இல்லையா? 1970-க்கு முந்தையது. மண்டபம் உண்டு, வள்ளுவர் சிலை இல்லை என்றால் 2000-க்கு முந்தையது. அரைகுறைச் சிலை தெரிந்தால் தொண்ணூறுகள். நாகர்கோவில் மணிக்கூண்டை நம்பாதீர்கள், அது 1893-லிருந்து அப்படியே நிற்கிறது. பக்கத்துக் கடைப் பலகையைப் பாருங்கள். மலையாள எழுத்து இருந்தால் பெரும்பாலும் திருவிதாங்கூர் அல்லது திருவிதாங்கூர்-கொச்சி காலம், அதாவது குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முன்.

பின்புறம் ‘1112 தை’ என்று கண்டால் திடுக்கிட வேண்டாம், அது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. 825 கூட்டினால் 1937. ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரை என்றால் 824 போதும். பழைய நிலப் பத்திரத்துக்கும் இதே கணக்குதான்.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் அப்படியே போனில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறம் விவரம் எழுதப் பென்சில் மட்டும், அதுவும் மெதுவாக. நான் ஒருமுறை பேனாவால் அழுத்தி எழுதி, கல்யாணக் கோலத்திலிருந்த அத்தையின் கன்னத்தில் கோடு விழுந்துவிட்டது. இன்றைக்கும் திட்டு வாங்குகிறேன்.