சனிக்கிழமை ஒரு ட்ரையத்லான், ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று: முதல் தடவை செய்பவர்களுக்கு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் ட்ரையத்லான் ஒன்றை முடித்தவருக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் தூரத்தின் மேல்தான் போகும். ஸ்பிரிண்ட் முடித்தவர் ஒலிம்பிக் தூரம் என்பார், அதையும் முடித்தவர் கோவா 70.3 (மூன்றும் சேர்த்து 70.3 மைல் போகும் பந்தயம்) என்பார். தூரத்தைக் கூட்டாமலே சவாலைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. அதே ஸ்பிரிண்டை அடுத்தடுத்த இரண்டு நாள் செய்வது.

ஸ்பிரிண்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இரண்டு நாளையும் கூட்டினால் 1.5, 40, 10 கிலோமீட்டர். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லான் அறிமுகமானபோது வைத்த தூரம் இதுவேதான். என்ன, உங்களுக்கு நடுவில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கிடைக்கிறது. நீந்தவும் ஓட்டவும் ஏற்கெனவே தெரிந்த ஒருவர் புதிதாகக் கற்க வேண்டியது அந்த இடைவெளியை எப்படிக் கழிப்பது என்பதைத்தான். பெங்களூரில் இருந்துகொண்டு இதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

படி 1: செய்யலாமா என்று முதலில் பாருங்கள்

தனியாக ஒரு ஸ்பிரிண்டாவது முடித்திருக்க வேண்டும். அது இல்லாமல் இதில் இறங்காதீர்கள். இரண்டு நாளும் ஸ்பிரிண்ட் தூரமே போதும். ஒரு நாள் ஸ்பிரிண்ட், மறுநாள் ஒலிம்பிக் என்று சேர்த்துப் பதிவு செய்ய நண்பர்கள் உசுப்பேற்றுவார்கள், கேட்க வேண்டாம். இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

படி 2: களைத்த காலோடு பழகுங்கள்

எட்டு வாரம் போதும். வார நாட்களில் வழக்கமான பயிற்சி. மாற்றம் வார இறுதியில்தான். சனிக்கிழமை சைக்கிள் ஓட்டி இறங்கியதும் அப்படியே ஓடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கால் கனமாக இருக்கும்போதே, மறுபடி ஒரு சிறிய சைக்கிளும் ஓட்டமும். முதல் வாரங்களில் சனி 15 கிலோமீட்டர் சைக்கிள், 2 கிலோமீட்டர் ஓட்டம். ஞாயிறு அதில் பாதி. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு இரண்டு நாளும் கிட்டத்தட்ட முழுத் தூரத்துக்கு வாருங்கள். கடைசி இரண்டு வாரமும் குறைத்துவிட வேண்டும்.

நீச்சலுக்கு பசவனகுடி அக்வாடிக் சென்டர் மாதிரி 50 மீட்டர் குளம் கிடைத்தால் நல்லது. 750 மீட்டர் என்பது அதில் 15 நீளம். 25 மீட்டர் குளத்தில் 30. ஏரியில் நீந்திப் பழகலாமே என்று அல்சூர் பக்கம் போய்விடாதீர்கள். அங்கே கரையில் திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் நடை போடலாம், அவ்வளவுதான். ஓட்டத்துக்கு ஞாயிறு காலையில் வண்டிகள் விடாத கப்பன் பூங்கா இருக்கிறது.

இந்த ஊரில் சைக்கிள் வாங்கியவர் எல்லாரும் நந்தி மலை ஏறியே தீர வேண்டும் என்று எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. இந்தப் பந்தயத்துக்கு அது தேவையில்லை. சமதரையில் ஒரே வேகத்தில் 20 கிலோமீட்டர் மிதிக்கத் தெரிந்தால் போதும்.

படி 3: எல்லாம் இரண்டு செட்

ட்ரைசூட் (மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஒரே உடை) இரண்டு, சாக்ஸ் இரண்டு ஜோடி, சைக்கிள் ட்யூப் இரண்டு. ஈர ட்ரைசூட்டை மறுநாள் போட்டால் தொடை இடுக்கு உரிந்துவிடும். வாஸ்லின் தடவினாலும் முழுசாகக் காப்பாற்றாது. ஷூ ஒன்றுதான் இருக்கிறதா? பந்தயம் முடிந்ததும் உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், ராத்திரிக்குள் காய்ந்துவிடும்.

படி 4: சனிக்கிழமை, ஓட்டத்தில் கையை இழுத்துப் பிடியுங்கள்

நீச்சலிலும் சைக்கிளிலும் ஓரளவு தாராளமாக இருக்கலாம். மூச்சு வாங்கும், ஆனால் தசையில் பெரிய சேதம் இருக்காது. ஓட்டம் அப்படி இல்லை. ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அதில்தான் தசை நார்கள் நுண்ணியதாகக் கிழிகின்றன. அந்த வலி அன்றைக்கே தெரியாது. 24 மணி நேரத்துக்கு மேல்தான் உச்சத்துக்கு வரும். அதாவது சரியாக உங்கள் ஞாயிறு பந்தய நேரத்தில் ஆரம்பிக்கும்.

அதனால் சனிக்கிழமை 5 கிலோமீட்டரை, பக்கத்தில் ஓடுபவரிடம் துண்டு துண்டாகவாவது பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். இறக்கத்தில் பாய வேண்டாம். கடைசி 200 மீட்டரில் போட்டோவுக்காக வேகம் எடுப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நீச்சல் முடித்து வந்து சைக்கிளை எடுக்கும் ஸ்டாண்டில் ஒரு விதி: முதலில் ஹெல்மெட்டை மாட்டிப் பட்டையைப் பூட்டுங்கள், அப்புறம்தான் சைக்கிளைத் தொட வேண்டும்.

படி 5: முடித்த பின் வரும் நேரம்

எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். மெடலை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அரட்டை, அப்புறம் போக்குவரத்தில் ஒரு மணி நேரம், வீட்டுக்கு வந்து குளியல், சாப்பிடும்போது மணி ஒன்று. வழக்கமான பந்தயத்துக்கு இது பரவாயில்லை. மறுநாளும் பந்தயம் இருந்தால் கட்டுப்படியாகாது. தசைக்குள் சேமித்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து குறைந்திருக்கும். அதை நிரப்பும் வேலை, பயிற்சி முடிந்த முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கும்.

முதல் நான்கு மணி நேரத்துக்கு, மணிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு சுமார் ஒரு கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு உணவியலில் சொல்லும் அளவு. 60 கிலோ ஆள் என்றால் மணிக்கு 60 கிராம். முடித்த கையோடு பெரிய வாழைப்பழம் இரண்டு சாப்பிட்டால் முதல் மணி நேரம் கிட்டத்தட்ட சரியாகிவிடும். பையில் முன்பே வைத்துக்கொள்ளுங்கள். திடலில் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். அடுத்து இட்லி, பொங்கல், அதற்கப்புறம் ஒரு தட்டு தயிர் சாதம். 20 கிராம் அளவு புரதமும் வேண்டும்: முட்டை, பனீர், பருப்பு, எது ஒத்துக்கொள்கிறதோ அது. பிரியாணியை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளி வையுங்கள். எண்ணெயும் காரமும் மறுநாள் நீச்சலில் நெஞ்சுக்கு ஏறும்.

தண்ணீர் விஷயத்தில் பெங்களூர் ஏமாற்றும். சென்னையில் சட்டை பிழியப் பிழிய நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மழை இல்லாத மாதங்களில் காற்று உலர்ந்திருக்கும், வியர்வை தெரியாமலே ஆவியாகிவிடும். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர் வரை, பல மணி நேரத்தில் பரவலாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீராகவே மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொடியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீர் அளவிலேயே கரையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உப்பு போட்ட மோரும் நல்லதே. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் அதை மட்டும் நம்ப முடியாது.

மதியம் அரை மணி நேரம் தூங்கலாம். மாலையில் பத்து இருபது நிமிட நடை. நண்பகலுக்கு மேல் காபி வேண்டாம். காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், நமக்கோ ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். படுக்கும் முன் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, டயரில் கண்ணாடித் துண்டு குத்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா என்று கேட்பார்கள். ஐபூப்ரோஃபென் வகை வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும்.

படி 6: ஞாயிறு காலை பரிசோதனை

எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை எண்ணுங்கள். வழக்கத்தைவிட ரொம்ப அதிகமா? சிறுநீர் அடர் மஞ்சளா? அப்படியென்றால் உடம்பு இன்னும் தேறவில்லை, நீரும் போதவில்லை. அப்புறம் மாடிப்படி இறங்கிப் பாருங்கள். இரண்டு தொடையும் ஒரே மாதிரி கடுத்தால் அது வெறும் களைப்பு, சூடேறினால் விட்டுவிடும். ஒரே இடத்தில், ஒரு பக்கம் மட்டும் குத்துகிற வலி என்றால் காயம். காய்ச்சல், நெஞ்சு வலி, தலைசுற்றல் இருந்தால் போகவே கூடாது. நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும்.

படி 7: இரண்டாவது பந்தயம்

நீச்சலின் முதல் 200 மீட்டர் மோசமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். சைக்கிளில் வழக்கத்தைவிட ஒரு கியர் லேசாக வைத்து வேகமாக மிதியுங்கள். கனமான கியர் தொடையை ஓட்டத்துக்கு முன்பே தின்றுவிடும். எனர்ஜி ஜெல்லோ பேரீச்சம்பழமோ சைக்கிளிலேயே சாப்பிட்டுவிடுங்கள். ஓட்டத்தில் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். 3 கிலோமீட்டர் தாண்டியும் தெம்பு இருந்தால், நேற்று மிச்சம் பிடித்ததை இப்போது செலவழிக்கலாம்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் லிஃப்டையே பயன்படுத்துங்கள். செவ்வாய் வரைக்கும் கால் கடுக்கும். அந்த வாரம் லேசான நீச்சலும் சைக்கிளும் போதும். ஓட்டத்துக்கு அடுத்த வார இறுதி வரை விடுமுறை.