மலைக்குளிரில் பாம்புப் பெட்டியை அதிகச் செலவில்லாமல், ஆபத்தில்லாமல் சூடாக வைப்பது எப்படி

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பாம்பு வளர்ப்பவர்கள் சமவெளிக்காரர்கள் சொல்லும் வழியை அப்படியே பின்பற்ற வேண்டாம். சென்னையில் பெட்டிக்கு அடியில் ஒரு ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு) போட்டாலே வேலை முடிந்துவிடும். இங்கே 2,000 மீட்டருக்கு மேல், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி படியும்போது, அந்த மேட் தரையை மட்டும்தான் சுடவைக்கும், பெட்டிக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தேதான் கிடக்கும்.

நான் சொல்வது கார்ன் ஸ்நேக், பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டுப் பாம்புகளுக்கு மட்டும். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம் காட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் என்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

சரி, பெட்டிக்கு வருவோம். சூட்டை உண்டாக்குவதை விட, உண்டான சூடு வெளியே போகாமல் பிடித்து வைப்பதுதான் மலையில் பெரிய வேலை, பணமும் அதில்தான் மிச்சமாகும். கண்ணாடித் தொட்டி வேண்டாம், சூடு நாலு பக்கமும் ஓடிவிடும். 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் பெட்டி அடித்து முன்பக்கம் மட்டும் கண்ணாடி வையுங்கள். பின்பக்கமும் இரண்டு ஓரங்களும் இரட்டைப் பலகையாக இருந்து நடுவில் தெர்மாகோல் இருந்தால் ரொம்ப நல்லது. ஆனால் தெர்மாகோல் பெட்டிக்குள் வெளியே தெரியவே கூடாது, ஹீட்டர் பக்கத்தில் இருந்தால் உருகும், தீப்பிடிக்கும். காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள், மழைக்காலத்தில் இங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், பாம்புக்கு மூச்சுத் தொல்லையும் வரும்.

சூட்டுக்கு, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் மேலே மாட்டுங்கள். ஹோல்டரும் செராமிக்காகவே இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் இளகிவிடும். ஹீட்டரைச் சுற்றி நெருக்கமான கம்பிவலைக் கூண்டு கட்டாயம், ஏனென்றால் பாம்பு சூடான பொருளைச் சுற்றிக்கொள்ளும், தோல் வெந்தாலும் சட்டென்று விலகாது. சுடவைக்கும் கல் என்று கடையில் விற்பார்கள், அதை வாங்கவே வேண்டாம்.

தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை அளந்து ஹீட்டரைத் தானாகவே ஓடவும் நிற்கவும் வைக்கும் கருவி, இல்லாமல் எந்த ஹீட்டரையும் போடாதீர்கள், பணம் குறைவாக இருந்தால் பெட்டியின் அழகில் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள். எஸ்டிசி-1000 மாதிரி மலிவான கருவியே போதும், ஆனால் அதன் பின்பக்கம் மின்முனைகள் திறந்தபடி இருக்கும், அதனால் ஒரு எலெக்ட்ரீசியனை வைத்து மூடிய டப்பாவுக்குள் இணைத்து, எர்த் கொடுத்து வாங்குங்கள். சென்சாரைச் சூடான பக்கத்தில் பாம்பு படுக்கும் உயரத்தில் அசையாமல் திருகி வையுங்கள். அது நழுவித் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால் கருவிக்குக் குளிராகத்தான் தெரியும், ஹீட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கருவிக்குள் ஹீட்டருக்கான சுவிட்சாக வேலை செய்யும் ரிலே ஒட்டிக்கொண்டாலும் அதே கதிதான், அதனால் தேவைக்கு மேல் பெரிய ஹீட்டர் வாங்காதீர்கள். தனியாக ஒரு தெர்மாமீட்டரும் உள்ளே இருக்கட்டும்.

பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்கு 28 முதல் 30, அந்தப் பக்கம் 22 முதல் 24. பாம்பு இடம் மாறித்தான் உடல் சூட்டைச் சரிசெய்துகொள்ளும், அதனால் பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருக்கக் கூடாது. 60 வாட் ஹீட்டர் ஒரு நாளில் 12 மணி நேரம் எரிந்தால் 0.72 யூனிட், இரண்டு மாதத்துக்குச் சுமார் 43 யூனிட்.

மழை, காற்றில் கரண்ட் போனால் பெட்டியைக் கம்பளியால் போர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி உள்ளே வையுங்கள். கம்பளியை ஹீட்டர் மறுபடி ஓடும் முன்பே எடுத்துவிட வேண்டும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடு பாம்பையும் கொல்லும், உங்களையும் கொல்லும். பெட்டி மறுபடி சூடாகும்வரை இரை கொடுக்க வேண்டாம், செரிக்காமல் கக்கிவிடும்.

எல்லாம் மாட்டியதும் பாம்பை உடனே விடாமல் காலிப் பெட்டியை ஒரு வாரமாவது ஓடவிட்டு, விடியற்காலை 5 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் இரண்டு பக்கத்தின் சூட்டையும் குறித்துப் பாருங்கள். விடியற்காலையில் சூடு இறங்கினால் முதலில் பலகைச் சந்துகளை அடைத்துவிடுங்கள், பெரிய ஹீட்டர் வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.