சிடி டிரைவுக்குள் ஒட்டிய பசையை எடுப்பது எப்படி?

போன தீபாவளிக்கு முன்பு பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் பழைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, கல்யாண டிவிடி உள்ள மாட்டிக்கிச்சு. கரகரன்னு சத்தம் வந்துச்சு, அப்புறம் வெளிய வரவே இல்ல. உடைக்காம எடுத்துக் கொடு" என்றார். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு காலத்தில் கல்யாணம், சடங்கு எல்லாவற்றையும் டிவிடியில் போட்டு, மேலே மாப்பிள்ளை பெண் படத்தை ஸ்டிக்கராக ஒட்டிக் கொடுப்பார்கள். தகரக் கூரை வீட்டு வெக்கையில் அந்தப் பசை இளகிவிடும். டிரைவுக்குள் வட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும்போது ஓரம் பிரிந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

தேவையானவை அதிகமில்லை: ஒரு பேப்பர் கிளிப், காது குடையும் பஞ்சுக்குச்சி, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி, ஐஸ்கிரீம் குச்சி, பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால். 99 சதவீதம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர், காய நேரமாகும். நகப்பூச்சு அழிக்கும் திரவம், தின்னர், பெட்ரோல் மூன்றும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். பசைக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல மருந்துதான், ஆனால் டிரைவுக்குள் வேண்டாம். எண்ணெய்ப் படலம் தங்கி, தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் சாமி மேடை விளக்கிலிருந்து தள்ளி உட்காருங்கள்.

முதலில் கணினியை முழுவதும் அணையுங்கள். வயரைப் பிடுங்குங்கள், லேப்டாப்பில் பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். இது சும்மா சொல்வதல்ல. சிடி படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தெரியவில்லையே என்று எட்டிப் பார்த்தால் கண்ணுக்குத்தான் கேடு.

அடுத்து டிரைவின் முகப்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பேப்பர் கிளிப்பை நேராக்கி உள்ளே விடுங்கள். ஏதோ தடுப்பது போலத் தெரிந்ததும் மெல்ல அழுத்தினால் தட்டு கொஞ்சம் வெளியே வரும். மீதியைக் கையால் இழுக்கலாம். இறுக்கமாக இருந்தால் முரட்டுத்தனம் காட்டாதீர்கள். ஸ்டிக்கர் மடிந்து சிக்கியிருக்கலாம். முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள்.

இப்போது பசை. பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு ஆல்கஹால் போதும், சொட்டக் கூடாது. பசையின் மேல் அரை நிமிடம் வைத்திருங்கள். இளகியதும் ஐஸ்கிரீம் குச்சியின் ஓரத்தால் சுரண்டாமல் உருட்டி உருட்டி எடுங்கள், ரப்பர் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உரிக்கிற மாதிரி. கத்தி, ஸ்குரூடிரைவர் வேண்டாம். நடுவில் வட்டைப் பிடிக்கும் குமிழையும் துடைத்துவிடுங்கள். அங்கே பிசுக்கு இருந்தால் வட்டு கோணலாகச் சுற்றும். ஆனால் லென்ஸ் ஓடும் கம்பியில் தெரிகிற கிரீஸ் அழுக்கல்ல. அதைத் தொடாதீர்கள்.

லென்ஸ் கடைசியில்தான். லேப்டாப் டிரைவில் அது தட்டிலேயே, மீன்கண் மாதிரி பளபளக்கும். முடி போன்ற மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அதனால் அழுத்தவே கூடாது. முதலில் காய்ந்த பஞ்சால் ஒரு தடவல். சாம்பிராணிப் புகை படிந்து மங்கலாக இருந்தால் மட்டும் லேசாக ஆல்கஹால் தொட்டு, நடுவிலிருந்து வெளியே ஒரே ஒரு சுற்று. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மேசைக் கணினி டிரைவில் லென்ஸ் உள்ளே மறைந்திருக்கும், பெட்டியைக் கழற்றினால்தான் கிடைக்கும். புதிதாகச் செய்பவர்கள் தட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கால் மணி நேரம் காயவிட்டு, போனால் பரவாயில்லை என்கிற ஒரு வட்டைப் போட்டுப் பாருங்கள். கல்யாண வட்டை முதலில் போடாதீர்கள். விரிசல் விட்டதோ, பாதி ஸ்டிக்கர் தொங்குவதோ என்றால் போடவே வேண்டாம்.

அக்காவின் வட்டில் மிச்ச ஸ்டிக்கரை மெல்ல உரித்தேன். டிவிடியில் பதிவு இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே இருப்பதால் அந்தத் துணிச்சல். பிறகு வட்டைத் துடைத்து, உடனே பென்டிரைவுக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். அக்கா விடவில்லை. "தம்பி, மகளோட சடங்கு ரெண்டு சிடில இருக்கு, அதுலயும் ஸ்டிக்கர் இருக்கு, உரிச்சுடவா?" என்றார். வேண்டவே வேண்டாம் அக்கா என்றேன். சிடியில் பதிவு ஸ்டிக்கருக்கு நேர் கீழேதான் இருக்கிறது, உரித்தால் சடங்கும் சேர்ந்து வந்துவிடும். ஸ்டிக்கர் இன்னும் தட்டையாக ஒட்டியிருப்பதால், ஓரம் பிரிவதற்குள் நகல் எடுக்க அப்படியே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.