டவர் ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது எப்படி? அறையை அளப்பதிலிருந்து தொடங்குங்கள்

தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று மாடல்களின் விலையையும் வாட் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே இந்த விளக்கத்தில் நான் வற்புறுத்த விரும்புவது. முதலில் அறையை அளந்து, ஸ்பீக்கர் நிற்கப்போகும் இடத்தைக் குறித்துக்கொண்டால், பட்டியலில் உள்ள மாடல்களில் பாதி தாமாகவே விலகிவிடும். அதற்குப் பிறகுதான் எண்களும், கடைசியாகக் காதும் வேலைக்கு வருகின்றன.

படி 1: அறையை அளந்துகொள்ளுங்கள்

அறையின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். ஒலி ஒரு விநாடியில் செல்லும் தூரமான 343 மீட்டரை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், அந்த நீளத்தில் இரு சுவர்களுக்கும் இடையே தேங்கி நிற்கும் முதல் அலையின் அதிர்வெண் கிடைக்கும். 14 அடி, அதாவது ஏறத்தாழ 4.27 மீட்டர் நீளமுள்ள ஹாலுக்கு அது 40 ஹெர்ட்ஸ். 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது என்பதை நினைவில் வைத்தால், சில பாடல்களில் ஒரே ஒரு பேஸ் (தாழ்ந்த அதிர்வெண்) சுரம் மட்டும் அறையையே அதிரவைத்து, அடுத்த சுரம் இயல்பாகக் கேட்பது ஏன் என்று விளங்கும். இந்தத் தேங்கிய அலை சுவரோரத்தில் மிக வலுவாகவும், அறையின் நட்ட நடுவில் ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும். ஆகவே சோபாவைப் பின்சுவரில் ஒட்டிப்போட்டால் பேஸ் வீங்கும். அறையின் நடுவில் போட்டால் மெலியும்.

நம் வீடுகளுக்கென்றே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இணையத்தில் நாம் படிக்கும் விமர்சனங்களில் பல, மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்களுள்ள அமெரிக்க வீடுகளில் கேட்டு எழுதப்பட்டவை. அத்தகைய சுவர் தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கைத் தானே அதிர்ந்து உள்வாங்கிக்கொள்கிறது, இன்னொரு பங்கை வெளியே விட்டுவிடுகிறது. செங்கல்லும் கான்கிரீட்டும் அப்படிச் செய்வதில்லை. பெரும்பகுதியை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. எனவே அங்கே ‘பேஸ் சற்றுக் குறைவு’ என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் இங்கே போதுமானதாக இருக்கலாம். அங்கே பேஸுக்காகப் புகழப்பட்டது இங்கே முழங்கித் தீர்க்கலாம்.

அறையின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருந்தால் தட்டிய ஓசைக்குப் பின்னால் கிணுகிணுவென்று ஒரு வால் நீளும். தடிமனான கம்பளமும் கனத்த திரைச்சீலையும் இதைப் பெரிதும் குறைக்கும். ஆனால் அவை உயர்ந்த ஒலியை மட்டுமே அடக்குபவை, பேஸை அவற்றால் தொட முடியாது.

படி 2: நிற்கும் இடத்தைத் தரையில் குறியுங்கள்

இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்கள் அமரும் இடமும் ஏறத்தாழ சமபக்க முக்கோணமாக அமையும்படி தரையில் டேப் ஒட்டி, அந்தக் குறிகளிலிருந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் வரும் சுவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பின்பக்கம் போர்ட் (பேஸுக்காகக் காற்று வந்துபோகும் துளை) உள்ள பெட்டிக்குக் குறைந்தது ஓரடி, முடிந்தால் இரண்டடி இடைவெளி வேண்டும். அறை மூலை எதற்குமே உகந்த இடமன்று, ஏனெனில் அங்கே இரு சுவர்களும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிப் பெருக்கிவிடும்.

கெஃப் கியூ550, கிளிப்ஷ் ஆர்பி-8000எஃப் ஆகிய இரண்டு டவர் மாடல்களையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். முன்னது ஒல்லியான பெட்டி. உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டர் நடு ஒலிக் கூம்பின் மையத்திலேயே அமர்ந்திருக்கும், பின்பக்கப் போர்ட்டுக்குப் பதிலாக முன்பக்கத்தில் மின்சாரம் பெறாமல் காற்றழுத்தத்தால் மட்டும் அசையும் கூம்புகள் இருக்கும். பின்னதில் பேஸை ஒலிக்கும் இரண்டு 8 அங்குல ஊஃபர்களும், கொம்பு வடிவ வாய்க்குள் அமைந்த ட்வீட்டரும், பின்பக்கப் போர்ட்டும் உண்டு. சுவரிலிருந்து ஓரடிக்குமேல் நகர்த்த வழியில்லாத 12க்கு 14 அடி ஹாலில் முன்னதைத்தான் நான் பரிந்துரைப்பேன். திறந்த சமையலறையோடு இணைந்த பெரிய கூடத்தில், பத்தடி தள்ளி அமர்ந்து உரக்கக் கேட்பவருக்குப் பின்னது பொருந்தும். பத்துக்குப் பத்து அறையென்றால் டவரே வேண்டாம். அதே பணத்துக்கு நல்ல, சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் உறுதியான ஸ்டாண்டும் வாங்குவது மேல்.

படி 3: விவரத் தாளைப் படியுங்கள்

ஸ்பீக்கரின் மேல் எழுதப்பட்ட வாட் எண் அது தாங்கும் அளவை மட்டுமே சொல்வதால், எவ்வளவு உரக்கப் பாடும் என்பதை அதிலிருந்து அறிய முடியாது. அதைச் சொல்வது சென்சிட்டிவிட்டி என்னும் எண்: 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் அளந்த டெசிபல். கியூ550க்கு நிறுவனம் தரும் எண் 87, ஆர்பி-8000எஃபுக்கு 98. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஆம்ப்ளிஃபையரின் ஆற்றல் இரட்டிக்க வேண்டும் என்பதால், தாளின்படி இந்த வேறுபாடு பன்னிரண்டு மடங்குக்கும் மேல். ஆயினும் சில நிறுவனங்கள் அறையின் உதவியையும் சேர்த்தே இந்த எண்ணை வெளியிடுவதால், சுயேச்சையாக அளந்தவர்கள் பல டெசிபல் குறைவாகக் கண்டிருக்கிறார்கள். அதுவும் தவிர, 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுத்தால் மூன்று மீட்டர் தள்ளியும் 94 டெசிபலுக்குக் குறையாமல் கேட்கும். வீட்டுக்கு அது தாராளம்.

மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையைக் குறிக்கும் ஓம் எண்ணில் அந்தக் கவலையின்மை கூடாது. ‘8 ஓம்’ என்று அச்சிட்ட ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்கலாம். அந்தக் குறைந்தபட்ச எண்ணைத் தேடிப் பார்த்து, உங்கள் ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்குமா என்று அதன் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அதிர்வெண் வரம்பு எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் அளக்கப்பட்டது என்று குறிப்பிடாமல் ‘35 ஹெர்ட்ஸ் முதல்’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்த வரியைத் தாண்டிச் சென்றுவிடுங்கள்.

படி 4: அளவீட்டு வரைபடத்தைத் தேடுங்கள்

கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் ஒலி ஆய்வாளர் ஃபிளாய்டு டூல் நடத்திய சோதனைகள், ஸ்பீக்கரைப் பார்க்காமல் கேட்பவர்கள் எதை விரும்புகிறார்கள் என்பதைத் தெளிவாக்கின: நேர் எதிரே சமமாகவும், பக்கவாட்டில் கரடுமுரடு இல்லாமல் படிப்படியாக இறங்கியும் ஒலிப்பவற்றையே அவர்கள் விரும்பினார்கள். இதன் தொடர்ச்சியாக உருவான சிடிஏ-2034 என்னும் தரமுறையில் ஸ்பீக்கரைச் சுற்றி 70 அளவீடுகள் எடுக்கப்படுகின்றன. உங்கள் மாடலுக்கு அந்த வரைபடம் கிடைத்தால் பக்கவாட்டுக் கோடுகளை முதலில் பாருங்கள். வெற்றுச் சுவர்களுள்ள வீட்டில் நம் காதுக்கு வருவதில் பெரும்பங்கு அந்தப் பக்கவாட்டு ஒலி பட்டுத் திரும்புவதுதான்.

படி 5: சத்தத்தைச் சமன்செய்து கேளுங்கள்

கடையில் ஒன்றை மாற்றி ஒன்றைக் கேட்கும்போது, அரை டெசிபல் உரக்க ஒலிப்பதும் ‘கூடுதல் தெளிவு’ என்றே காதுக்குத் தோன்றும். செல்போனில் ஒலி அளக்கும் செயலியை வைத்து, அமரும் இடத்தில் இரண்டும் ஒரே டெசிபல் காட்டும்வரை வால்யூமைத் திருத்தச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். எது ஒலிக்கிறது என்று தெரியாதபடி உடன் வந்தவரை மாற்றச் சொல்வது இன்னும் நல்லது. 1994இல் டூலும் அவருடைய சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் செய்த ஆய்வில், கண்ணால் பார்த்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்கள், அதே ஸ்பீக்கர்களைப் பார்க்காமல் கேட்டபோது மாறின.

நன்கு பழகிய பதிவுகளையே எடுத்துச் செல்லுங்கள். கர்நாடகக் கச்சேரிப் பதிவு இருந்தால் மிருதங்கத்தில் தாழ்ந்த ஓசை தரும் பக்கமான தொப்பியைக் கவனியுங்கள்: கும்கி என்னும் அதன் நெளியும் ஓசை வழுக்கி ஏறும்போது அந்த ஏற்றம் முழுவதும் காதில் விழ வேண்டும், ‘பும்’ என்ற ஒற்றை முழக்கமாகக் கரைந்தால் பெட்டியோ போர்ட்டோ தன் சொந்தச் சுரத்தைச் சேர்க்கிறது. தம்புராவின் இழை பாட்டுக்கு அடியிலும் அறுபடாமல் தொடர வேண்டும். பெண் குரலில் ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகள் காதைக் கீறக் கூடாது; நாகஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது வால்யூமைக் குறைக்கக் கை நீளக் கூடாது. ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்காமல் அரை மணி நேரமாவது அமர்ந்து கேளுங்கள்.

படி 6: வீட்டில் நிறுத்துங்கள்

குறித்து வைத்த டேப்பின்மேல் ஸ்பீக்கர்களை வைத்து, பேஸ் வீங்கினால் நான்கு விரற்கடை அளவு முன்னே இழுத்து மறுபடி கேளுங்கள். சில மாடல்களுடன் போர்ட்டை அடைக்கும் ஃபோம் தருகிறார்கள். நகர்த்த இடமில்லாதபோது அதைச் செருகலாம். டைல்ஸின்மேல் கூர்முனைக் கால்களை நேராக வைக்காமல் அடியில் உலோக வட்டு போடுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், அடிப்பகுதியை அகலப்படுத்தும் கால்களை முதல் நாளே மாட்டிவிடுங்கள். ஐந்தாறு மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும்; விலையுயர்ந்த கேபிளுக்கு ஒதுக்கிய பணத்தில் கம்பளமும் திரைச்சீலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.