ரெண்டு மூணு கிட்ட வெட்டி ஒரே விமானம் கட்டுறது எப்படி

பிளாஸ்டிக் மாடல் விமான கிட் வாங்கி, பெட்டில வர்ற பார்ட்ட அப்படியே ஒட்டினா பெட்டி மேல படத்துல இருக்கிற விமானம் வரும், அதுல தப்பே இல்ல. ஆனா நமக்குப் பிடிச்ச வேரியன்ட்ட, அதாவது ஒரு விமானத்தோட குறிப்பிட்ட ரகத்த, எந்தக் கம்பெனியும் போடலன்னாலோ, போட்டதுல உடம்பு அருமையா இருந்து மூக்கு மட்டும் சொதப்பலா இருந்தாலோ, ஒரு கிட்டோட உடம்பு இன்னொண்ணோட மூக்கு மூணாவதுல இருந்து புரொப்பெல்லர்னு எடுத்து நாமளே சேத்துக்க வேண்டியதுதான். கிட்பாஷிங்னு இதத்தான் சொல்றாங்க. நாலஞ்சு கிட்டாவது நேரா ஒட்டி, சீம்ங்கிற ஒட்டுக்கோடு தெரியாம தேய்க்கப் பழகினவங்களுக்கு இது, முதல் கிட்டயே எடுத்து ரம்பத்த வெக்காதீங்க.

எந்த விமானம்னு முடிவு பண்றதுலயே பாதி வேலை இருக்கு. நிஜ விமானமே அப்படி ஒண்ணோட ஒண்ணு சேத்துப் பண்ணினதா இருந்தா நம்ம வேலை சுலபம், எங்க வெட்டணும்னு நிஜத்துல கட்டினவங்களே காட்டிட்டாங்க. பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயரோட மார்க் 9 ரகத்த எடுத்துக்கோங்க, 1942ல ஜெர்மன் போர் விமானம் ஃபோக்க-வுல்ஃப் 190க்கு அவசரமா பதில் சொல்லணும்னு மார்க் 5 உடம்புலயே மெர்லின் 61 இன்ஜின மாட்டினாங்க. மூக்கு நீளமாச்சு, புரொப்பெல்லர்ல மூணு பிளேடு நாலாச்சு. மார்க் 5ல ஒரு இறக்கைக்கு அடில பெரிய ரேடியேட்டர், இன்னொண்ணுல சின்ன ஆயில் கூலர்னு இருந்தது போய் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பெட்டி வந்துச்சு. இந்த ரேடியேட்டர் சமாச்சாரத்த நிறைய பேர் மறந்துடுவாங்க, மூக்க மட்டும் மாத்திட்டு மார்க் 9ன்னு வெச்சிருப்பாங்க.

என்னோட ஃபேவரைட் வேற, செக் நாட்டு ஏவியா எஸ்-199. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ஜெர்மன் ஃபைட்டர் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஜி உடம்பு கைல இருக்கு, அதுக்கான டிபி 605 இன்ஜின் ஸ்டாக் தீ விபத்துல போச்சு, சரின்னு ஹெய்ங்கெல் 111 பாம்பருக்கான யூமோ 211 இன்ஜினயும் அகலமான துடுப்பு மாதிரி பிளேடு இருக்கிற அந்த புரொப்பெல்லரயும் எடுத்து மாட்டிட்டாங்க. ஓட்ட மகா மோசம்னு பைலட்டுங்க திட்டினாங்க, இருந்தாலும் 1948 மே மாசம் இஸ்ரேல் விமானப்படையோட முதல் ஃபைட்டர் தாக்குதல் இதுலதான் நடந்துச்சு. நமக்கு வேண்டியது ஒரு 109ஜி கிட், ஒரு ஹெய்ங்கெல் 111 எச் கிட், அவ்வளவுதான். 1/72 ஸ்கேல்லயே, அதாவது நிஜத்துல 72ல ஒரு பங்கு அளவுலயே பண்ணுங்க, 1/48ல அந்த பாம்பர் இறக்கை மட்டுமே 47 சென்டிமீட்டர், ஒரு புரொப்பெல்லருக்காக அத வாங்கறது அநியாயம். கீழ சொல்றதெல்லாம் இத மனசுல வெச்சுதான் சொல்றேன், வேற விமானத்துக்கும் முறை இதேதான்.

ரம்பத்த தொடறதுக்கு முன்னாடி வெர்னியர் காலிப்பர எடுங்க. பெட்டில 1/72ன்னு போட்டிருக்கிறத நம்பக்கூடாது, பழைய அச்சுகள்ல பெட்டி சைஸுக்கு ஏத்த மாதிரி ஸ்கேல இழுத்தது நிறைய உண்டு. 109ஜியோட இறக்கை நிஜத்துல 9.92 மீட்டர், 72ஆல வகுத்தா 137.8 மில்லிமீட்டர், கிட்ட டேப் போட்டு நிறுத்தி அளந்து பாருங்க. ஒரு மில்லிமீட்டர் முன்னப்பின்ன இருந்தா யாருக்கும் தெரியாது, நாலு அஞ்சுன்னா அந்தக் கிட்ட வேற வேலைக்கு வெச்சுக்கலாம். ஸ்கேல் டிராயிங் பிரின்ட் எடுத்தாலும் இதே கணக்கப் போட்டு பிரின்ட்டையும் செக் பண்ணுங்க, பிரின்டர் தானா பேஜுக்கு ஃபிட் பண்ணி சுருக்கி வெச்சிடும். எல்லாத்தவிட முக்கியம் வெட்டப்போற இடத்துல ரெண்டு கிட்டோட உயரமும் அகலமும். அங்க அரை மில்லிமீட்டர் படி மாதிரி ஏத்த இறக்கம் இருந்தா நிஜ விமானத்துல மூணரை சென்டிமீட்டர் படி, பெயின்ட் அடிச்சாலும் கண்ணுல குத்தும்.

அடுத்து எது மெயின் கிட், எது பார்ட் மட்டும் குடுக்கிற டோனர்னு முடிவு பண்ணுங்க. இறக்கையும் உடம்பும் சேர்ற இடம் எந்தக் கிட்ல நல்லா இருக்கோ அதுதான் மெயின், அந்த ஜாயின்ட்ட முடிஞ்சவரைக்கும் தொடாதீங்க. டோனர்ல இருந்து எவ்வளவு கம்மியா எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. எஸ்-199க்கு ஹெய்ங்கெல்ல இருந்து ஸ்பின்னர்ங்கிற புரொப்பெல்லர் நடுக்கூம்பு, மூணு பிளேடு, எக்ஸாஸ்ட் குழாய், வேணும்னா இன்ஜின் கூட்டோட மேல் பாதி. அதுக்குக் கீழ தாடை மாதிரி தொங்குற ரேடியேட்டர் வேண்டாம், 109ஓட இறக்கைக்கு அடில இருக்கிற ரேடியேட்டரே அப்படியே இருக்கட்டும்.

இப்ப வெட்டு. எப்பவும் நிஜ விமானத்துல பேனல் லைன், அதாவது தகடும் தகடும் சேர்ற கோடு, இருக்கிற இடத்துலயே வெட்டுங்க, ஜாயின்ட் கொஞ்சம் தெரிஞ்சாலும் அது பேனல் லைன்னு ஆயிடும். 109ல விண்ட்ஸ்க்ரீனுக்கு முன்னாடி இன்ஜின் மூடி முடியற கோடு அதுக்குன்னே இருக்கு. உடம்போட ரெண்டு பாதியயும் பசை போடாம டேப்பால கட்டி, சுத்தி கெட்டியான லேபிள் டேப் ஒட்டி அந்த விளிம்ப வழியா வெச்சு ஸ்க்ரைபர்ங்கிற கோடு கீறுற கூரான கருவியால நாலஞ்சு தடவ லேசா கோடு போட்டுட்டு அப்புறம் ரேஸர் ரம்பத்த அந்தப் பள்ளத்துல ஓட்டுங்க, அப்பதான் ரெண்டு பாதியும் ஒரே இடத்துல வெட்டுப்படும். அழுத்தாதீங்க, ரம்பத்தோட எடையே போதும். கோட்டு மேல வெட்டாம வேண்டாத பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டணும், ஏன்னா ரம்பமும் கொஞ்சம் பிளாஸ்டிக்க தின்னும், ரெண்டு கிட்லயும் தின்னா மூக்கு குட்டையாயிடும். மிச்சத்த கண்ணாடித் தகடு மேல 400 நம்பர் தண்ணிப் பேப்பர ஒட்டி அதுல வட்டமா தேய்ச்சு கோடு வரைக்கும் கொண்டு வாங்க.

சேர்க்கிறதுல ரெண்டு கட்சி உண்டு. இடது மூக்க இடது உடம்போட, வலத வலதோட முதல்ல ஒட்டிட்டு அப்புறம் ரெண்டு பாதியயும் மூடறது ஒண்ணு, மூக்கத் தனியா உடம்பத் தனியா மூடிட்டு குழாய் மாதிரி சேர்க்கிறது இன்னொண்ணு. ரெண்டு கிட்டோட குறுக்குவெட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னா முதல் வழிதான் நல்லது, பாதிகள கண்ணாடி மேல படுக்க வெச்சு ஒட்டினா மூக்கு கோணாது. வடிவம் வேற வேறன்னா, எஸ்-199 அந்த வகைதான், ரெண்டாவது வழிதான் சரி, ஏன்னா வித்தியாசத்த நாலு பக்கமும் பிரிச்சுப் போட்டுக்கலாம். எந்த வழியானாலும் உள்பக்கம் 0.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்ல பட்டை வெட்டி பாதி உடம்புக்குள்ளயும் பாதி வெளில நீட்டிட்டும் இருக்கிற மாதிரி ஒட்டுங்க. வெறும் விளிம்போட விளிம்பு ஒட்டினது தேய்க்கும்போது பொளக்குன்னு விட்டுடும். ஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு தண்ணி மாதிரி இருக்கிற சிமென்ட் போதும், அது பிளாஸ்டிக்கயே கரைச்சு சேர்க்கும். ரெசின் பார்ட் ஏதாவது வாங்கிப் போட்டீங்கன்னா அந்த சிமென்ட் பிடிக்காது, சூப்பர் க்ளூ இல்லன்னா எபாக்ஸி. ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போட்டு ஈரத்துலதான் தேய்க்கணும்.

ஒட்டின உடனே தேய்க்க ஆரம்பிக்காதீங்க, ஒரு நாள் விடுங்க. சின்ன இடுக்குக்கு சூப்பர் க்ளூ, ஆனா அத ஒரு மணி நேரத்துக்குள்ள தேய்ச்சிடணும், முழுசா இறுகினா பிளாஸ்டிக்க விட கெட்டியாகி சுத்தி இருக்கிறது தேயும் அது தேயாது. பெரிய படிக்கு, புதுசா வளைவு உருவாக்கறதுக்கு ரெண்டு பார்ட் எபாக்ஸி புட்டி, ஈர விரலாலயே வழவழன்னு இழுத்து விடலாம். கிட்ல பார்ட்டெல்லாம் ஒட்டிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவ சிமென்ட்ல கரைச்சு வெச்சுக்கறவங்களும் உண்டு, நல்லாதான் இருக்கும், காயும்போது சுருங்கும்ங்கிறதால ரெண்டு தடவ போடணும். 400, 600, 1000ன்னு ஏறிட்டே போய் சாம்பல் பிரைமர் அடிங்க. அதுவரைக்கும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு கலர் பிளாஸ்டிக் ஏமாத்தும்.

டோனர் பழைய கிட்னா அதுல பேனல் லைன் மேடா இருக்கும், புதுசுல பள்ளமா இருக்கும். ஒரே உடம்புல ரெண்டும் இருந்தா வேற வேற கிட்னு அதுவே சத்தம் போட்டு சொல்லிடும். மேட்ட முழுசா தேய்ச்சுட்டு ஸ்க்ரைபரால புதுசா கோடு போடறதத் தவிர வழி இல்ல, மெயின் கிட்டோட கோடு எவ்வளவு மெலிசோ அதே அளவுல போடுங்க. இதுல சோம்பல் பட்டா மத்த எல்லா உழைப்பும் வீண்.

காக்பிட் வேலைய உடம்ப மூடறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும், இது எல்லா மாடலுக்கும் பொதுதான். எஸ்-199ல ஆரம்பத்துல வந்ததுல கேனோப்பி, அதாவது காக்பிட் மேல இருக்கிற கண்ணாடி மூடி, 109 மாதிரி பக்கவாட்டுல திறக்கும், பின்னாடி வந்ததுல சறுக்கித் திறக்கும், எந்த வண்டியப் பண்றீங்களோ அதோட ஃபோட்டோவப் பாத்து முடிவு பண்ணுங்க. கேனோப்பி கிட்ட சூப்பர் க்ளூவ கொண்டு போகாதீங்க, புகை பட்டு வெள்ளையாயிடும், வெள்ளைக் கோந்து போதும்.

புரொப்பெல்லர்லயும் மூக்குலயும் மெலிசான பித்தளைக் குழாய், ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற சைஸ்ல வெச்சீங்கன்னா கழட்டி மாட்டலாம், பெயின்ட் வேலை சுலபம். பிளேடு வேற விமானத்துதுன்னா முறுக்கு எந்தப் பக்கம்னு பாருங்க. மெர்லின் இன்ஜின் ஸ்பிட்ஃபயரும் கிரிஃபன் இன்ஜின் ஸ்பிட்ஃபயரும் எதிரெதிர் திசைல சுத்துறது, ஒண்ணோட பிளேட இன்னொண்ணுல மாட்டினா தெரிஞ்சவங்க ஒரு பார்வைலயே கண்டுபிடிச்சிடுவாங்க.

இறக்கையும் வாலும் ஒட்டும்போது சிமென்ட் ஈரமா இருக்கிறப்பவே இடது இறக்கை நுனில இருந்து வால் நுனி வரைக்கும், வலதுல இருந்தும் அளந்து ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் நகர்த்துங்க. அப்புறம் நேர் முன்னாடி இருந்து, ஒரு கண்ண மூடிட்டு, ஸ்பின்னர் நடுவும் வால் துடுப்பும் ஒரே கோட்டுல வருதான்னு பாத்துட்டு காய விடுங்க. காஞ்சப்புறம் திருத்தணும்னா மறுபடி ரம்பம்தான்.