ஜீப்பை உயர்த்தினால் ஷாஃப்ட்டையும் அளந்துவிடுங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், உச்சிப்புளி பக்கத்து மணலுக்காகப் பெரிய காயில் ஸ்பிரிங் போட்டு ஜீப்பை உயர்த்தியிருந்தால், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸ் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) நீளத்தைக் கட்டாயம் பாருங்கள். உயரம் கூடினால் ஷாஃப்ட்டின் ஸ்லிப் ஜாயிண்ட் (நீளம் கூடிக் குறைய வழிவிடும் சறுக்கு இணைப்பு) வெளியே இழுபடும், பிடிமானம் குறையும்.

கெட்டியான தரையில் (மணலில் வேண்டவே வேண்டாம்) சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்லிப் ஜாயிண்ட் எதுவரை வெளியே வந்திருக்கிறது என்று தெரிய அதில் பெயிண்டால் கோடு போடுங்கள். அப்படியே ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். கிராஸ் (ஷாஃப்ட் முனையில் வளைந்து சுழலும் இணைப்பு) எங்காவது முட்டினால் கோணம் அதிகம் என்று அர்த்தம்.

அப்புறம் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஆக்சிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) வரை தூக்குங்கள். அப்போதும் ஜாயிண்ட் உள்ளே போக 25 மி.மீ. இடமாவது மிச்சம் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் கியர்பாக்ஸ் பேரிங்தான் அடி வாங்கும். நம் உப்புக்காற்றுக்கு ஜாயிண்டில் கிரீஸ் அடிக்கடி வையுங்கள்.